வடக்கில் எனக்கு ஒருவருமில்லை

2008 ஒக்டோபர் 12, ஞாயிறு

இன்றும் பூசைக்குப் போகவில்லை. அநுராதபுரம் போகிற யாத்திரை பஸ்கள் ஞாயிற்றுக்கிழமைதான் அதிகம். மெனிக்கேயின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன. இறங்குகிறவர்கள் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, கையிலிருக்கிற போத்தலை வேலியோரம் எறிந்துவிட்டு ஏறிப் போகிறார்கள். பஸ் நகர்ந்ததும் நான் சாக்கோடு போகிறேன். பதினொரு மணிக்குள் இரண்டு சாக்கு நிறைந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முந்தி இதே மாசத்தில், இதே பாதையில், மிளகும் ஏலமும் காட்டுகிற வாசனைத் தோட்டத்தில் வெள்ளைக்காரருக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சண்டை மறுபடி தொடங்கியது. வெள்ளைக்காரர் வருவது நின்றது. என்னையும் நிறுத்தினார்கள். என் புருஷன் ஹெர்பர்ட் அதற்கு முன்பே மிளகு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர். இப்போது வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, நான் கொண்டுவருகிற போத்தல்களின் மூடியைக் கழற்றி, கழுத்து வளையத்தை வெட்டி, லேபலை உரித்துப் போடுகிறார். மிதித்துத் தட்டையாக்குவது என் வேலை. வெள்ளை ஒரு சாக்கு, பச்சை ஒரு சாக்கு, மூடி தனியாக.

சில போத்தலில் மூத்திரம் இருக்கும். நீண்ட தூரம் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஹெர்பர்ட் மூடியைத் திறந்து முகர்ந்து, "இது ஒசத்தி சரக்கு கொறற்றி, நீயே ஊத்து" என்று நீட்டுவார். இன்று அப்படி மூன்று. இருவரும் சிரித்தோம்.

சின்ன வயதில் கொன்வென்டில் எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர், நாள் முடிவில் ஆத்தும சோதனை செய்து எழுதச் சொல்வார். அந்தப் பழக்கம் விட்டும் விடாமலும் இருக்கிறது. பாவம் பெரிதாக ஒன்றும் இல்லை. போத்தல்தான் இருக்கிறது.

ஒக்டோபர் 28

இரத்தோட்டைப் பக்கம் போத்தல் பொறுக்குகிற ஒருத்தியும் நானும் சாக்கோடு மாத்தளையில் ஸஹாப்தீன் நானாவின் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். இந்தப் பக்கத்தில் பிளாஸ்டிக் எடுக்கிறவர் அவர் ஒருவர்தான். தராசில் வைத்து நிறுத்தார்.

"தங்கச்சி, வெல பாதிக்கும் கீழ வந்துட்டு. கொழும்புல அரைக்கிறவன் எடுக்க மாட்டேங்குறான். சீனாக்காரன் அவன்ட்ட எடுக்கலயாம். ஒலகம் பூரா இப்பிடியாம்."

"ஒலகத்துக்கும் எங்க வேலியோரத்துக்கும் என்னா நானா?"

"எனக்கு மட்டும் வெளங்குதா?" என்றார். திருப்பிக் கொண்டுபோக பஸ் காசு இல்லை. கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இரத்தோட்டைப் பிள்ளை பஸ் ஸ்டாண்ட் வரை அழுதுகொண்டே வந்தாள்.

அப்படியானால் இரண்டு மடங்கு பொறுக்க வேண்டும். வேறு வழி?

நவம்பர் 9

சவரியம்மாவின் கடிதம். ஓகஸ்ட்டில் எழுதியது, யார் யார் கையிலோ இருந்து வந்திருக்கிறது. கிளிநொச்சியில் ஷெல் விழத் தொடங்கிவிட்டதாம். கூரைத் தகரத்தைக் கழற்றி, டிராக்டரில் ஏற்றி, கிழக்கே போகப் போகிறார்களாம். "அவரும் பிள்ளைகளும் சுகம். மெற்றில்டாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட வேண்டும் என்று அதைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள்."

எனக்கு ஒரே தங்கை. எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தளை எரிந்தபோது அப்பா, "இனி இங்க மனுசன் இருக்க முடியாது. அங்க நம்ம சனம்" என்று வன்னிக்குப் போனார். சவரிக்குப் பதினாலு வயது. அவளையும் கூட்டிப் போனார். நான் ஹெர்பர்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டதால் இங்கேயே தங்கினேன். அவ்வளவுதான் வித்தியாசம் - ஆறு வயது மூப்பும் ஒரு கல்யாணமும்.

நவம்பர் 23

ஹெர்பர்ட்டின் யோசனை: எந்த நாளில் எத்தனை பஸ் நிற்கிறது, எத்தனை போத்தல் கிடைக்கிறது என்று தனியாக ஒரு சின்னக் கொப்பியில் குறித்து வந்தால், எந்த நாள் கட்டாயம் போக வேண்டும், எந்த நாள் காலாறலாம் என்று தெரிந்துவிடும். நல்ல யோசனை. யாத்திரை பஸ்ஸுக்கு 'யா'. ஆமிக்காரர் போகிற பச்சை பஸ்ஸுக்கு 'ப'.

உண்மையைச் சொன்னால் 'ப'தான் எங்களுக்குச் சோறு. ஐம்பது பொடியன்கள், வெயில், ஆளுக்கு இரண்டு போத்தல். எல்லாம் வடக்கே போகின்றன. திரும்பி வருகிறவை குறைவு.

டிசம்பர் 14

மெனிக்கேயின் மகன் லீவு முடிந்து போகிறான். அவனும் ஆமிதான். தன் கடை வாசலிலேயே அவனை பஸ் ஏற்றிவிட்டு, மெனிக்கே என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிங்களத்தில்தான் பேசுவோம்; அவளுக்கு நான் நங்கி, தங்கச்சி. "நங்கி, உங்கள் மடு மாதாவிடமும் சொல்லு. என் பிள்ளை முழுசாக வர வேண்டும்" என்றாள். "என் தங்கச்சியும் அங்கேதான் அக்கே" என்றேன். அவளுக்கு அது தெரியும். என்றாலும் இன்றுதான் முதல் தடவை கேட்டவள்போல என்னைப் பார்த்தாள்.

இரண்டு பேருக்காகவும் சொன்னேன். மாதா எப்படிப் பிரித்து எடுப்பாளோ.

2009 ஜனவரி 2

கிளிநொச்சி பிடிபட்டுவிட்டது. பகல் முழுக்கப் பட்டாசு.

ஜனவரி 3

பட்டாசுக் கடதாசிக்கு நடுவில் போத்தல். சாக்கு நிறைந்தது.

பெப்ரவரி 19

முந்தாநாள் நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

கடை வேலியோரம் குனிந்துகொண்டிருந்தேன். ஜீப்பில் பொலிஸார் நாலு பேர். சாக்கைத் தலைகீழாகக் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன். போத்தலோடு அந்தச் சின்னக் கொப்பியும் விழுந்தது.

ஒருவர் எடுத்துப் புரட்டினார். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். "பெப்ரவரி 8, ப 9, 210. பெப்ரவரி 11, ப 14, 330."

"ப என்றால் என்ன?"

அந்த நிமிஷம்தான் எனக்கே விளங்கியது. ஆமி பஸ் எந்த நாள் எத்தனை வடக்கே போகிறது என்று மூன்று மாசமாக நான் எழுதி வைத்திருக்கிறேன். தமிழச்சி. போன வருஷம் தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்த பாதை இது.

போத்தலுக்காக என்றேன். சிரித்தார்கள். ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸில் ஒரு அறை, ஒரு மேசை. அடிக்கவில்லை. பொய் எழுதக் கூடாது - யாரும் என்னைத் தொடவில்லை. ஆனால் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். யாருக்கு இந்தக் கணக்கு கொடுக்கிறாய்? யார் எழுதச் சொன்னது? ஹெர்பர்ட் பேரைச் சொன்னால் இடுப்பு முறிந்த மனுசனையும் தூக்கி வருவார்கள். நானாகத்தான் எழுதினேன் என்றேன். ஸஹாப்தீன் நானாவுக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்கள்.

பிறகு அவர்களுக்கு மேலதிகாரியான பெரிய மாத்தயா கேட்டார்: "வடக்கில் உனக்கு யார் இருக்கிறார்கள்?"

ஒருத்தரும் இல்லை என்றேன்.

"அண்ணன், தம்பி, அக்கா, தங்கை?"

இல்லை.

"யோசித்துச் சொல். கண்டுபிடித்தால் உன்னை பூஸா தடுப்பு முகாமுக்கு அனுப்புவோம்."

இல்லை மாத்தயா, எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை.

எவ்வளவு சுலபமா வந்துச்சு அந்த வார்த்தை. தொண்டையில ஒரு எடத்துலயும் தட்டல.

மாலையில் மெனிக்கே வந்தாள். கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. "என் மகன் போர்முனையில் இருக்கிறான். நான் சொல்கிறேன், இவள் போத்தல் பொறுக்குகிறவள். இவளுக்கு அங்கே நாயும் இல்லை, பூனையும் இல்லை." அவளும் தெரிந்தேதான் சொன்னாள்.

சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டினார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் தமிழ் தெரிந்தவர் வாசித்துக் காட்டினார். வடக்கில் உறவினர் எவரும் இல்லை, உடன்பிறந்தோர் இல்லை. கையெழுத்துப் போட்டேன். மரிய கொறற்றி. முழுப் பேரையும் எழுதினேன்.

பச்சை பஸ் நிற்கிற இடத்தில் இனி என்னைக் காணக் கூடாது என்று அனுப்பினார்கள்.

பெப்ரவரி 26

நாவுல பொலவில் போத்தல் பொறுக்கினேன். மரக்கறிச் சந்தையில் போத்தல் எங்கே இருக்கும்? அழுகிய தக்காளியும் கோவா இலையும்தான். ஒரு நாள் முழுவதும் அலைந்து அரைச் சாக்கு. ஹெர்பர்ட் கத்தியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 15

விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன். ரேடியோ ஒவ்வொரு நாளும் ஒரு ஊரின் பேரைச் சொல்கிறது. ஒவ்வொரு பேரிலும் அவள் இருந்திருப்பாள், இப்போது இருக்க மாட்டாள்.

செஞ்சிலுவைச் சங்கத்தில் பேர் கொடுத்தால் தேடிச் சொல்வார்களாம். பாதர் சொன்னார். பேர் கொடுத்தால் என்ன உறவு என்று எழுத வேண்டும். அது பொலிஸுக்குத் தெரிந்தால்?

மார்ச் 22

அடுப்படியில் அழுதுகொண்டிருந்தேன். ஹெர்பர்ட்டுக்கு நாலு நாளாக மருந்து இல்லை, வலி. உள்ளேயிருந்து கத்தினார்: "இல்லாதவளுக்கு ஏண்டி அழுவுற?"

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். பலகையிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிவரை வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

பாடுகளின் வாசகம். ஆண்டவரை அறியேன் என்று மறுதலிக்கப் போகிற இராயப்பர் நெருப்பண்டை நின்று குளிர்காய்கிற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஏப்ரல் 21

மெனிக்கே ஆள் அனுப்பினாள், வீட்டுக்கு வா என்று. டீவியில் காட்டுகிறார்களாம்.

கடல்நீரேரியை ஆயிரம் ஆயிரமாகச் சனம் கடந்து வருகிறது. இடுப்பளவு தண்ணீர். தலையில் பை, தோளில் பிள்ளை. ஒரு கிழவனைக் கதிரையோடு தூக்கி வருகிறார்கள். படம் தூரத்திலிருந்து எடுத்தது, முகமெல்லாம் ஒரே முகமாக இருக்கிறது. நான் டீவிக்கு ஒரு சாண் தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மெனிக்கே தன் மகனைத் தேடிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து மெல்லக் கேட்டாள்: "எது நங்கி? எது உன் தங்கை?"

வீட்டில் எங்கள் இரண்டு பேரையும் தவிர யாரும் இல்லை. அப்படியிருந்தும் என் வாய் திறக்கவில்லை.

மே 19

சண்டை முடிந்தது. பாதை முழுக்கக் கொடி. லொறிகளில் ஆடிக்கொண்டு போகிறார்கள். மெனிக்கே தட்டில் பாற்சோறும் கட்டச் சம்பலும் கொண்டுவந்தாள். மகன் பேசினானாம், ஒரு கீறல்கூட இல்லையாம். அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பொலிஸ் அறையிலிருந்து என்னைக் கூட்டிவந்தவள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அவன் நல்ல பிள்ளை.

சாப்பிடு நங்கி என்றாள். சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் முழுவதையும் சாப்பிட்டேன்.

மே 21

பொலிஸ்காரர் யாரும் இப்போது என்னைக் கவனிப்பதில்லை. கொண்டாடிய இடமெல்லாம் போத்தல். ஐந்து சாக்கு. இவ்வளவு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஹெர்பர்ட்டுக்கு மருந்து வாங்கினேன்.

ஜூன் 21

பூசை முடிந்ததும் பாதர் கூப்பிட்டார். வவுனியாவில் முகாமுக்குப் போய் வருகிற கன்னியர் ஒருவர் கொடுத்தனுப்பிய கடிதம். உறையில் என் பேர். அவளுடைய எழுத்து.

உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். மூத்தவள் ஜசிந்தாவும் மெற்றில்டாவும் கூட இருக்கிறார்கள். அவள் புருஷன் ஞானரட்ணம் இல்லை. மார்ச் மாசம், மாத்தளனில், தண்ணீர் அள்ளப் போன இடத்தில். "அவரைப் புதைக்க முடிந்தது, அதுவே புண்ணியம்" என்று எழுதியிருக்கிறாள். முள்கம்பிக்குள் இருக்கிறார்கள். ஒரு கூடாரத்தில் மூன்று குடும்பம். வெளியில் சொந்தக்காரர் இருந்தால், பொலிஸ் விசாரித்துச் சரியென்று எழுதினால், விடுவார்களாம். அவள் என் பேரையும் விலாசத்தையும் கொடுக்கப் போகிறாள்.

உடனே பதில் எழுதி அந்தக் கன்னியருக்கு அனுப்பக் கொடுத்தேன். சவரி, பயப்படாதே, உன்னைக் கூட்டிவருவேன். இடம் இருக்கிறது. மச்சான் இப்போதே போத்தல் சாக்கை வெளியில் வைத்து அறையை ஒதுக்குகிறார்.

பிறகுதான் நினைவு வந்தது. பொலிஸ் விசாரித்தால் எந்தப் பொலிஸ்?

ஜூலை 5

நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 12

போகவில்லை. ஹெர்பர்ட் சொல்கிறார்: "நீ போயி, அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு சொன்னா, அந்தக் கொப்பியும் பொய்யின்னு நெனைப்பாங்க. ஒன்னய உள்ள வச்சிட்டா அவள யாரு கூட்டியாறது? என்னய யாரு பாக்குறது?"

அவர் சொல்வதும் சரிதானே. சரிதானா?

ஜூலை 19

பொலிஸ் வாசல்வரை போனேன். வெளியே நின்ற காவல்காரர் "என்ன?" என்றார். "தண்ணீர் போத்தல் இருக்கிறதா, பழசு?" என்று கேட்டேன். குப்பைத்தொட்டியைக் காட்டினார். ஏழு போத்தல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 2

இந்தக் கிழமை கட்டாயம்.

ஓகஸ்ட் 11

போனேன். சொன்னேன்.

அதே மாத்தயா. என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், முகாமில், இரண்டு பெண்பிள்ளைகளோடு, அன்றைக்குப் பயத்தில் இல்லையென்றேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அழக் கூடாது என்று போனேன். அழுதேன்.

அவர் எழுந்து ஒரு ஃபைலை எடுத்தார். "போன கிழமைதான் வவுனியாவிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். புத்தகத்தைப் பார்த்தோம். உன் கையெழுத்து இருக்கிறது. அப்படி உறவு இல்லை என்று பதில் அனுப்பியாயிற்று."

போன கிழமை. ஏழு போத்தலோடு நான் திரும்பிய நாளைக்கு இரண்டு கிழமைக்குப் பிறகு.

"மாற்றி எழுதுங்கள் மாத்தயா."

"அப்படியென்றால் அன்றைக்குப் பொய் சொன்னாய் என்று முதலில் எழுத வேண்டும். அவசரகாலச் சட்டத்தில் அது வழக்கு." என் முகத்தைப் பார்த்தார். கெட்ட மனுசன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. "முன்னாலேயே வந்திருக்கலாமே" என்றார். "பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் கொண்டுவா. கிராம சேவகரிடமும் கடிதம் வாங்கு. மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன். வழக்கைப் பற்றி இப்போது பேச வேண்டாம்."

சவரியின் பிறப்புச் சான்றிதழ் எண்பத்து மூன்றிலேயே மாத்தளை வீட்டோடு எரிந்துவிட்டது.

ஓகஸ்ட் 17

அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய்ச் சான்றிதழின் பிரதி கேட்டேன். தேடுவதற்கு ஒரு மாசமாம். பல்லேபொலவில் ஞானஸ்நானம் கொடுத்த பழைய பதிவு இருக்கலாம் என்று பாதர் எழுதிப் போட்டிருக்கிறார். முகாமில் மழை வெள்ளமாம், கூடாரத்துக்குள் கழிவுத்தண்ணீர் வந்துவிட்டதாம். ரேடியோவில் சொன்னார்கள்.

செப்டெம்பர் 6

அவளுடைய கடிதம். அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, அந்த விலாசத்தில் எனக்கு அக்கா இல்லையென்று பதில் வந்துவிட்டதாம். உன் பேரைச் சிங்களத்தில் எழுதும்போது பிழை விட்டிருப்பார்கள். கொறற்றி என்கிற பேர் அவர்கள் வாயில் நுழையாதுதானே. நீ ஒருதரம் நேரில் போய்ச் சொன்னால் போதும். உன்னைப் பார்த்தால் நம்புவார்கள். மெற்றில்டாவுக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை. மருந்துக்கு வரிசையில் நின்றால் தண்ணீர் வரிசையில் நிற்க முடியவில்லை. சீக்கிரம் கூப்பிடு."

ஹெர்பர்ட்டுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

செப்டெம்பர் 14

பொலிஸ். "இன்னும் பதில் இல்லை."

செப்டெம்பர் 21

பொலிஸ். அவர் இல்லை, லீவாம்.

செப்டெம்பர் 28

ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. கொடுத்தேன். ஃபைலில் வைத்தார்கள். ஸஹாப்தீன் நானா விஷயத்தைக் கேட்டு, நிறுக்காமலே இரண்டு நோட்டுத் தந்தார். "அல்லாஹ் லேசாக்குவான். வெச்சுக்க தங்கச்சி." வாங்கிக்கொண்டேன். வெட்கப்படுகிற நிலைமை தாண்டிவிட்டது.

ஒக்டோபர் 18

பாதர் வீட்டுக்கே வந்தார். வந்த விதத்திலேயே தெரிந்தது.

மெற்றில்டா. எட்டாம் தேதி. காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில்.

ஆறு வயசு. நான் கண்ணால பாத்ததே இல்ல.

ஒக்டோபர் 19

ஓகஸ்ட்டில் விட்டிருந்தால் இங்கே இருந்திருப்பாள். மெனிக்கேயின் கிணற்றுத் தண்ணீர் குடித்திருப்பாள். ஜூலை ஐந்து. ஜூலை பன்னிரண்டு. ஜூலை பத்தொன்பது. நானே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 25

போத்தல் பொறுக்கவில்லை.

நவம்பர் 1

பொறுக்கினேன். அரிசி இல்லை.

டிசம்பர் 14

முகாமைத் திறந்துவிட்டார்கள். போய்வர எவருடைய கடிதமும் தேவையில்லையாம், சும்மா பேரைப் பதிந்துவிட்டு வரலாமாம். அவ்வளவுதான். அந்த ஃபைல், அந்தப் பதிவு, அந்த மேலிடம் - ஒன்றுமே தேவைப்படவில்லை.

வவுனியா பஸ் மெனிக்கே கடைக்கு முன்னால் நின்றது. முதலில் ஒரு நெட்டைப் பெண்பிள்ளை இறங்கினாள், ஜசிந்தா. பின்னால் ஒரு கிழவி. கிழவி என்று நினைத்தேன். அது சவரி.

இருபத்தாறு வருஷம். கட்டிப்பிடித்தோம். அவள் தோளில் எலும்பு. "அக்கா, நீ அப்புடியேதான் இருக்க" என்றாள். ஹெர்பர்ட் கம்பை ஊன்றிக்கொண்டு பாதைவரை வந்து நின்றார். மெனிக்கே நாலு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். காசு வாங்கவில்லை. சவரி அவளுக்குச் சிங்களத்தில் நன்றி சொன்னாள். அந்தப் பாஷை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

டிசம்பர் 20

சவரி வந்த அடுத்த நாளே வாசலில் ஹெர்பர்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேபல் உரிக்கத் தொடங்கிவிட்டாள். உட்காரச் சொன்னாலும் கேட்பதில்லை. என்னைவிட வேகம்.

இன்று பூசைக்குப் பிறகு அயலாள் ஒருத்தி, ஏன் முன்னமே வரவில்லை என்று கேட்டுவிட்டாள். சவரி சொன்னாள்: "அக்கா பேர எழுதுறதுல பிழை உட்டுட்டானுங்க. அவ எவ்ளோ அலைஞ்சா தெரியுமா? வாரா வாரம் பொலிசுக்குப் போயிருக்கா. பாதர் சொன்னாரு. எந்தக் கூடப்பொறந்தவ அப்புடிச் செய்வா?"

நான் அங்கேயே நின்றேன்.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாதர் ஆறுதல் சொன்னார், மன்னிப்பும் கொடுத்தார். சவரியிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அது யாருக்கு ஆறுதலா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க" என்றார்.

ஹெர்பர்ட் சொல்லாதே என்கிறார். "அவளுக்கு மிச்சமா இருக்கிறது நீயும் அந்தப் புள்ளையுந்தான். அதுல ஒண்ண ஏன் பறிச்சிடப் போற?"

எல்லோரும் எனக்கு வசதியானதையே சொல்கிறார்கள்.

டிசம்பர் 25

சவரி தன் தட்டிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். "நீதான் ஓடித்திரியிற." தின்றேன்.

டிசம்பர் 29

ஜசிந்தாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். விடுமுறை என்றாலும் புதுப் பிள்ளைகளைப் பதிவதற்காக அதிபர் காரியாலயத்தைத் திறந்து வைத்திருந்தார். நல்ல மனுசன். எங்கேயிருந்து வருகிறோம் என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் தோண்டவில்லை. படிவத்தை அவரே நிரப்பிக்கொண்டு வந்தார். தகப்பனின் தொழில் என்ற இடம் வந்ததும், சவரி சொல்லாமலே விளங்கிக்கொண்டு ஒரு கோடு போட்டார்.

"கூடப்பொறந்தவங்க?"

ஜசிந்தா சொன்னாள்: "ஒரு தங்கச்சி."

"வயசு?"

"ஆறு."

அதிபர் நிமிர்ந்து சந்தோஷமாகக் கேட்டார்: "அப்ப அவளையும் முதலாம் வகுப்புல போட்டுருவோமே? ஏன் கூட்டிட்டு வரல?"

ஜசிந்தா தாயைப் பார்த்தாள். சவரி சேலைத் தலைப்பைத் தோளில் சரிசெய்துகொண்டு, "அவ வரல சேர்" என்றாள். அதிபர் பேனையைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு மெதுவாக அடுத்த வரிக்குப் போனார்.

பொறுப்பாளர் என்ற இடத்தில் நிரந்தர விலாசம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவம் என் பக்கம் வந்தது. பேர், விலாசம், பிள்ளைக்கு என்ன உறவு. தாயின் மூத்த சகோதரி என்று எழுதினேன். கீழே மரிய கொறற்றி. அதிபர் அதன்மேல் முத்திரை குத்தினார். யாரும் ஒன்றும் விசாரிக்கவில்லை.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது சவரி, "ஒன் கையெழுத்து எவ்ளோ அழகா இருக்குக்கா. கொன்வென்டுல சிஸ்டர் சொல்லிக் குடுத்த மாதிரி அப்புடியே" என்றாள். ஜசிந்தாவிடமும் சொன்னாள்: "பெரியம்மா மாதிரி எழுதப் பழகு."

சொல்லிவிட்டுச் சவரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதையோர வடிகானுக்குள் இறங்கிவிட்டாள். இரண்டு போத்தல் கிடந்தது.